வேதசாட்சி அர்ச். தேவசகாயம்

அர்ச்சியசிஷ்டவர் என்றதும் மடமும் துறவற உடையும் நம் கண்முன் வந்து நிற்பது வழக்கம். இந்திய நாட்டு இல்லறத்தாரில் முதன்முதலாகப் பீட மகிமை பெற்றவரோ, மனைவியும் அரண்மனை உத்தியோகமும் உள்ள ஒரு குடும்பஸ்தர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி நீலகண்ட பிள்ளை பிறந்தார். செல்வாக்குள்ள குடும்பம். வளர்ந்தபின் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1741-ல் குளச்சல் யுத்தத்தில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பின்னர் அதே அரசரின் சேனையைப் பழக்கும் பொறுப்பை ஏற்றார். இவ்விருவரும் நண்பர்களானார்கள். சொத்தும் கால்நடையும் நஷ்டமாகி நீலகண்டர் மனமுடைந்திருந்த சமயம், டி லனாய் அவருக்கு யோபு என்பவரின் சரித்திரத்தைச் சொன்னதாகப் பாரம்பரியம். வாதாடி ஜெயித்து ஒருவரை வேதத்தில் சேர்ப்பதைவிட, துக்க நேரத்தில் பக்கத்தில் உட்காருவது எவ்வளவோ மேல்!

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் கோவிலில், 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வழங்கினார்கள். மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனாள்.

புதிய பெயரை அவர் கோவிலுக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு தொல்லையும் வந்திராது. உத்தியோகத்தை விடவில்லை; ஊரைவிட்டு ஓடவுமில்லை. ஆனால் தாழ்ந்த சாதியார் என்று தள்ளப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார். எல்லா மனிதரும் சமம் என்று வெளிப்படையாகப் போதித்தார். மேல்சாதியாரால் இதைப் பொறுக்க முடியவில்லை. ராஜத் துரோகம், வேவு என்று பொய்க் குற்றங்கள் எழுந்தன. உத்தியோகம் போயிற்று. 1749-ம் ஆண்டு பெப்ரவரி 23-ந் தேதி கைதானார்.

அதன்பின் சுமார் மூன்று வருஷம் விலங்கு. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்தார்கள். பெருவிளையில் மரத்தில் கட்டி வைத்தார்கள். பார்க்க வந்த ஜனங்களோ அவரிடம் ஆறுதல் பெற்றுத் திரும்பினார்கள். சூளைக்குப் போகாத பாண்டம் ஒரு மழைக்குத் தாங்காது என்பதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்று ஏழு வருஷம்கூட நிரம்பவில்லை. அதற்குள் சூளை கண்டுவிட்டார்.

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களை விசுவாசிகள் தேடி எடுத்து, கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். ஞானப்பூ அம்மாள் சொந்த ஊரில் இருக்க இயலாமல் வடக்கன்குளத்துக்கே போய், தன் கடைசிக் காலத்தை அங்கே கழித்தாள். அவள் பட்ட பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்த அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில், சாதிக்கொரு பக்கமாக ஜனங்களைப் பிரிக்கும் சுவர் கோவிலுக்குள்ளேயே நின்றது. 1910-ல்தான் அதை இடித்தார்கள். நம் கலியாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் ஒட்டிவரும் சாதிப் பட்டமும், சில ஊர்களின் தனிக் கல்லறைத் தோட்டங்களும் அந்தச் சுவரின் கற்கள் அல்லவா?

2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அதற்குப்பின், அவர் பெயரிலிருந்து பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை எடுக்கவேண்டுமென்று பலர் ரோமைக்கு விண்ணப்பித்தார்கள், ரோமை இணங்கியது. 2022-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தபோது, வடக்கன்குளத்தில் தண்ணீரோடு கிடைத்த பெயரையே வாசித்தார்கள்.