கட்டணமில்லாக் கல்வியும் கைகொடுத்த சமூகமும்: அறிஞர் அஸீஸ் விட்டுச்சென்ற பாடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் காங்கேசன்துறை வீதியில் பயணிப்பவர்கள் முதலில் வண்ணார்பண்ணையைக் கடக்கின்றனர். பின்னர் கொக்குவில், இணுவில் ஆகிய ஊர்களைத் தாண்டி மருதனார்மடம் சந்தியை அடைகின்றனர். இந்த வீதியில் அமைந்த இரண்டு ஊர்கள், நமது கல்வி வரலாற்றின் இரு வேறு வழிமுறைகளை நமக்கு நினைவூட்டுகின்றன. வசதி படைத்த ஒருவர் தமது செல்வத்தைக் கல்விக்கு ஈந்த வழியை மருதனார்மடத்தில் காண்கின்றோம். பலருடைய சிறு கொடைகளை ஒன்றுதிரட்டி வறிய மாணவரைப் படிக்கவைத்த வழியைக் காட்டியவர் பிறந்த ஊர் வண்ணார்பண்ணை.

மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். இன்றும் அது அவருடைய பெயரிலேயே இயங்கி வருகின்றது. 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியையும் அவர் தோற்றுவித்தார். ஆங்கிலக் கல்வியைப் பெரும்பாலும் மிசன் பாடசாலைகளிலேயே பெறவேண்டியிருந்த காலத்தில், சைவப் பிள்ளைகள் தமது சமயச் சூழலில் அக்கல்வியைப் பெறுவதற்கு இக்கல்லூரிகள் வழிசமைத்தன. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்நிறுவனம், 1980இல், அமரரான ஒரு முஸ்லிம் அறிஞருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அவர்தான் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் ஆவார்.

இராமநாதனின் பெயரையும் அஸீஸின் பெயரையும் ஒருசேர எடுத்துரைக்கும்போது முஸ்லிம் வாசகர் சிலரின் மனத்தில் ஒரு நெருடல் தோன்றக்கூடும். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் 1888இல் எழுதிய கட்டுரை ஏற்படுத்திய மனத்தாங்கலை நாம் அறியாதவர்களல்லர். ஒரு சமூகம் தன்னை யாரென்று கூறிக்கொள்கிறதோ அதனை மற்றவர் மதிக்கவேண்டும் என்பதே அந்த விவாதத்திலிருந்து நாம் கற்கவேண்டியது. ஆயினும் இராமநாதன் கட்டிய கல்லூரியின் வளவில் எழுந்த பல்கலைக்கழகமே அஸீஸுக்கு மாலை சூட்டியது என்பதும் வரலாறுதான். இவ்விரண்டில் எதனை மறந்தாலும் நமது வரலாறு குறைபட்டதாகிவிடும்.

அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் சட்டத்துறையைச் சேர்ந்தவர், பொதுவாழ்விலும் ஈடுபட்டவர். திருக்குர்ஆன் ஓதக் கற்று, அயலிலிருந்த முஸ்லிம் பாடசாலையில் ஆரம்பக் கல்வியைப் பெற்ற சிறுவன், அதன் பின்னர் இராமகிருஷ்ண மிசனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அங்கிருந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றான். சைவர்கள் தமது பிள்ளைகளுக்கென அமைத்த ஒரு கல்லூரி, சோனகத் தெருவின் மைந்தனையும் தன் பிள்ளையாக ஏற்று வளர்த்தது. தமிழின்மீது அஸீஸ் கொண்டிருந்த பற்றுக்கு இந்த இளமைச் சூழலே வித்திட்டது எனலாம்.

1929இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து வரலாற்றுத்துறையில் சிறப்புப் பட்டம் பெற்ற அவர், புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இதற்கிடையில் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவாகவே, நாடு திரும்பி 1935இல் அச்சேவையில் இணைந்துகொண்டார். முஸ்லிம் சமூகத்திலிருந்து அச்சேவையில் நுழைந்த முதலாமவர் அவரே. உதவிப் பணமின்றி அந்தக் கல்விப் பயணம் அவ்வளவு தூரம் சென்றிருக்குமோ என்பது ஐயமே. திறமை ஒருவனைப் பல்கலைக்கழகத்தின் வாயில்வரை கொண்டுசேர்க்கலாம். உள்ளே சென்று நிலைப்பதற்குப் பொருள் வேண்டும். இதனைத் தமது வாழ்விலேயே கண்டவர் அஸீஸ்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோய் நாடு உணவுக்குத் திண்டாடிய வேளை அது. கிழக்கில் நெல் உற்பத்தியைப் பெருக்குவது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி. வயல்வெளிகளிலும் கிராமங்களிலும் மக்களோடு பழகிய அவருடைய கண்ணில் மற்றொரு பஞ்சமும் தென்பட்டது. அதுவே கல்விப் பஞ்சம். கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களை மேலே படிக்கவைக்கும் வசதி பெற்றோரிடம் இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி சமயத்தைக் குலைத்துவிடும் என்ற அச்சமும் பல குடும்பங்களில் நிலவியது. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தருடன் அவருக்கு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டதும், கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் நட்புக் கிடைத்ததும் இக்காலத்தில்தான்.

கல்முனையில் ஒரு வட்டாரத்துக்கென ஆரம்பித்ததை அவர் 1945இல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தினார். அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அமைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 33. வசதி படைத்தோரிடமிருந்து பணம் திரட்டி, திறமையிருந்தும் வறுமையால் தடைப்பட்ட மாணவருக்கு உயர்கல்வி பெற உதவுவதே அந்நிதியின் நோக்கம். அதன் துணையால் பட்டதாரிகளாகி, பின்னர் பல துறைகளிலும் சிறந்து விளங்கியோர் பலர்.

அந்நிதி தோன்றிய காலத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதே 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்ற நிலை உருவாகவிருந்த வேளையில், மாணவருக்கென ஒரு நிதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அரசாங்கம் நீக்கியது வகுப்பறைக் கட்டணத்தை மட்டுமே என்பதுதான் அதற்கு விடை. கிழக்கிலோ தெற்கிலோ உள்ள ஒரு கிராமத்திலிருந்து கொழும்புக்குச் சென்று படிக்கும் பிள்ளைக்குத் தங்குமிடம் வேண்டும். மூன்றுவேளை உணவு வேண்டும். புத்தகமும் உடையும் பயணச்செலவும் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, உழைத்துக் கொடுக்கும் வயதை எட்டிவிட்ட மகனை மேலும் நான்கு ஆண்டுகள் படிக்க விடுவதால் குடும்பம் இழக்கும் வருமானமும் இருக்கின்றது. இலவசக் கல்வி வாயிலைத் திறந்துவிட்டது. அவ்வாயில்வரை வந்துசேரும் செலவு ஏழையின் தலையிலேயே இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பவேண்டியது சமூகத்தின் கடமை என்பதே அஸீஸ் கண்ட உண்மை.

இந்நிதியில் மற்றொரு சிறப்பையும் நாம் காண்கின்றோம். தனியொருவரின் தயவில் படிக்கும் பிள்ளை அந்த ஒருவருக்கே கடமைப்பட்டவனாகின்றான். கொடுப்பவர் மறைந்தாலோ மனம் மாறினாலோ அப்பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும். பலர் சேர்ந்து இட்ட பொதுநிதியில் படிக்கும் பிள்ளையோ சமூகம் முழுவதற்கும் கடமைப்பட்டவனாகின்றான். யார் கொடுத்தார் என்று அவன் தலைகுனிய வேண்டியதில்லை. நாளை தானும் உழைக்கும்போது அந்நிதிக்குத் தன் பங்கை இடலாம். ஸகாத், ஸதகா என்னும் கடமைகளில் ஊறிய ஒரு சமூகத்துக்கு இது புதிய நெறியன்று. அந்த நெறியைப் பல்கலைக்கழகக் கல்வியின் பக்கம் திருப்பியதே அஸீஸ் செய்த அரும்பணி.

1948இல் அவர் எடுத்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நாடு சுதந்திரம் பெற்றிருந்த அவ்வாண்டில், சிவில் சேவையில் இருந்த இலங்கையர்களுக்கு மிக உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. அவற்றையெல்லாம் துறந்து, ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை அவர் ஏற்றார். 1921 முதல் அக்கல்லூரியை வளர்த்தெடுத்த டி.பி. ஜாயாவின் இடத்தில் அமர்ந்த அஸீஸ், 1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அதனை வழிநடத்தினார். அக்காலத்தில் ஸாஹிராவிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவர் தொகை பெருகியது. கல்லூரி முஸ்லிம்களின் பண்பாட்டு நிலையமாகவும் விளங்கியது.

அதன் கதவுகள் முஸ்லிம்களுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை. பிற்காலத்தில் தமிழ் ஆய்வுலகில் பெரும் புகழ்பெற்ற கரவெட்டியைச் சேர்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு மாணவராகப் பயின்றார். பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றினார். இந்துக் கல்லூரி வண்ணார்பண்ணை முஸ்லிம் மாணவனுக்குச் செய்ததை, அந்த மாணவன் அதிபரானபோது ஸாஹிராக் கல்லூரி வடமராட்சித் தமிழ் மாணவனுக்குச் செய்தது. பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு இதனைவிடச் சிறந்த முறை வேறெது?

1950இல் வாலிப முஸ்லிம் சங்கப் பேரவையைத் தோற்றுவித்து நாட்டின் பல பாகங்களிலும் இளைஞரை அவர் அமைப்பாக்கினார். 1952இல் செனட் சபை உறுப்பினரானார். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டமூலம் அச்சபைக்கு வந்தபோது அதனை எதிர்த்து நின்றார். தமிழ் முஸ்லிம்களின் தாய்மொழி என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. அறபுத் தமிழின் சிறப்பை எடுத்துரைத்தார். அவருடைய இலங்கையில் இஸ்லாம் என்ற நூல் 1963இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. மிஸ்றின் வசியம், ஆபிரிக்க அனுபவங்கள் ஆகிய பயண நூல்களும் அவருடைய தமிழ்நடைக்குச் சான்றாக நிற்கின்றன. 1973 நவம்பர் 24ஆம் திகதி, 62ஆவது வயதில் அவர் காலமானார். 1986இல் அரசாங்கம் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

அவர் காணாத ஒரு துயரத்தையும் இங்கு குறிப்பிடாமல் விடமுடியாது. 1990 ஒக்டோபர் இறுதியில், அவர் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் சில மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வீடும் கடையும் மட்டுமன்றிப் பிள்ளைகளின் பாடசாலையும் அன்று பறிபோயிற்று. புத்தளத்தின் அகதி முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, படிப்பு என்பது எட்டாக்கனியாகவே நீண்டகாலம் இருந்தது. அதே போர் வன்னியிலும் வலிகாமத்திலும் தமிழ்ப் பிள்ளைகளை மரநிழல்களில் இருத்திப் படிக்கவைத்தது. இழப்புகளை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்ப்பது நமது நோக்கமன்று. இரு சமூகத்தின் பிள்ளைகளும் கல்வியையே கடைசிக் கைம்முதலாகக் கொண்டு எழுந்தனர் என்பதையே நினைவுபடுத்த விரும்புகின்றோம்.

இன்றைய நிலைமை என்ன? பல்கலைக்கழகங்களில் விரிவுரைக் கட்டணம் இன்றும் இல்லை. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் திட்டம் பல்லாயிரம் மாணவருக்கு ஆறுதலாக இருந்து வருகின்றது. எனினும் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் உணவு, போக்குவரத்து, அறைவாடகை ஆகியவை ஏறிய வேகத்துக்கு எந்த உதவித்தொகையும் ஈடுகொடுக்க முடியவில்லை. மருதனார்மடத்தையே எடுத்துக்கொள்வோம். 1975இல் அன்றைய யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்ட இராமநாதன் நுண்கலைக் கழகம், இன்று பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக வளர்ந்து, இசையும் நடனமும் சித்திரமும் கற்பிக்கின்றது. கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இங்கு கற்க வரும் பிள்ளையின் தந்தைக்கு, கட்டணம் இல்லை என்ற செய்தி பாதி ஆறுதலே. மாதம் பிறந்தால் அறைவாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை.

உதவும் உள்ளங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. பழைய மாணவர் சங்கங்கள், பள்ளிவாசல் பரிபாலன சபைகள், ஆலய அறங்காவலர்கள், புலம்பெயர்ந்தோரின் ஊர்ச் சங்கங்கள் என்று பலரும் கொடுக்கின்றனர். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே, தத்தம் ஊருக்கு, தத்தம் பாடசாலைக்கு என்று கொடுப்பதால், எந்தச் சங்கத்தின் எல்லைக்குள்ளும் வராத பிள்ளை கைவிடப்படுகின்றது. சுற்றுமதிலுக்கும் வரவேற்பு வளைவுக்கும் திரளும் பணம், ஒரு மாணவியின் நான்காண்டு உணவுச் செலவுக்குத் திரள்வதில்லை. மதிலில் கொடையாளியின் பெயரைப் பொறிக்கலாம்; உண்ட சோற்றில் பொறிக்க முடியாது என்பதுதான் காரணமோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

ஆகவே, வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தமிழ், முஸ்லிம் அமைப்புகள் ஒன்றுகூடி, சமய வேறுபாடின்றி, தேவையையும் திறமையையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்ட பொதுநிதியொன்றை அமைக்க முன்வரவேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கின்றோம். அதன் கணக்குகள் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். உதவி பெறும் பிள்ளையின் பெயர் மேடையேற்றப்படாமல் காக்கப்பட வேண்டும். படித்து உழைக்கத் தொடங்கியோர் தாம் பெற்றதை மற்றொரு பிள்ளைக்காகத் திருப்பி இடும் வழக்கம் அதில் வேரூன்ற வேண்டும். பெருந்தொகையோடுதான் தொடங்கவேண்டும் என்பதில்லை. கல்முனையில் ஒரு கல்விச் சங்கமாக ஆரம்பித்ததுதான் மூன்று ஆண்டுகளில் நாடளாவிய நிதியாக விரிந்தது.

மருதனார்மடம் என்ற ஊர்ப்பெயரிலேயே மடம் என்னும் சொல் இருக்கின்றது. வழிப்போக்கர் எவராயினும் தங்கி இளைப்பாறிச் செல்ல நம் முன்னோர் அமைத்தவை மடங்கள். வந்தவரின் ஊரையும் குலத்தையும் சமயத்தையும் கேட்காமல் கதவு திறப்பதே அறத்தின் அழகு. கல்வியைத் தேடி வழிநடக்கும் நம் பிள்ளைகளுக்கு அத்தகையதொரு மடத்தை இரு சமூகமும் சேர்ந்து கட்டுமாயின், அதுவே அறிஞர் அஸீஸுக்கு நாம் எழுப்பும் பொருத்தமான நினைவுச் சின்னமாக அமையும்.