கோட்டையில் ஒரு குடியானவர்

சென்னை மாகாணத்தின் முதல் நாற்காலியில் அமர்ந்தவர்கள் யார் யார்? தோழர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். 1920-ல் கடலூர் வக்கீல் சுப்பராயலு ரெட்டியாரில் தொடங்குகிறது அது. அடுத்து பனகல் அரசர். பிறகு குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். வக்கீல் முனுசாமி நாயுடு. பொப்பிலி அரசர். சேலத்து வக்கீல் இராஜகோபாலாச்சாரியார். பாரிஸ்டர் பிரகாசம். அரண்மனையிலிருந்து வந்தார்கள் சிலர், நீதிமன்றத்திலிருந்து வந்தார்கள் சிலர். வரி கட்டி வாழ்ந்தவன், வானம் பார்த்து விதைத்தவன், அந்த வரிசையில் உண்டா? கால் நூற்றாண்டுக்கு மேல் இல்லை.

1947 மார்ச் 23-ஆம் நாள் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தார் ஓ. பி. இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்க்காரர். மல்லாட்டையும் கேழ்வரகும் விளையும் தென்னார்க்காட்டுப் பூமியில் 1895-ல் பிறந்தவர். திண்டிவனத்துப் பள்ளியில் படித்த படிப்போடு சரி. சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவரல்லர், சீமைக்குக் கப்பல் ஏறியவரல்லர். கதர் வேட்டி, கதர்த் துண்டு. ஊரின் பெயரே அவர் பெயராகி, நாடு அவரை ஓமந்தூரார் என்றே அழைத்தது. அந்நாளில் மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்பார்கள். ஐந்தே மாதத்தில் வெள்ளையர் கொடி இறங்கி நாடு விடுதலை பெற்றபோது, தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் கன்னடியரும் கலந்து வாழ்ந்த அந்தப் பரந்த மாகாணத்துக்குப் பிரதமராக இருந்தவர் இந்தக் குடியானவரே.

நாற்காலியைத் தேடி அவர் போகவில்லை. தேடிப் போயிருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. 1946 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. தலைமை யாருக்கு என்பதில் சண்டை. காந்தியார் இராஜகோபாலாச்சாரியாரை விரும்பினார். சட்டமன்றக் கட்சியோ பிரகாசத்தை ஏற்றது. பிரகாசத்தின் ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் ஆகிய மூன்று காங்கிரஸ் கமிட்டிகளும் அவருக்கு எதிராகத் திரும்பின. தமிழ்நாட்டுக் கமிட்டியின் தலைவர் காமராசர். எந்தக் கோஷ்டிக்கும் தலைவராக இல்லாத, சிறை சென்ற, கைச் சுத்தமான ஒரு மனிதர் வேண்டும் என்றபோது கண்ணில் பட்டவர் ஓமந்தூரார். ஒதுங்கி வாழும் பக்தர், வள்ளலாரின் அடியார். சொன்னபடி கேட்பார் என்று சிலர் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்குத்தான் தப்பிப்போயிற்று.

அவர் காலத்துச் சட்டங்களைப் பார்ப்போம். ஆளை அளக்க அதுதான் படி.

ஜமீன் என்ற சொல் இன்று பழங்கதையாகிவிட்டது. நம் பாட்டன்மாருக்கு அது வயிற்றெரிச்சல். 1802-ல் கும்பினிக்காரன் சாசுவத நிலவரித் திட்டம் ஒன்றை இந்த மாகாணத்தில் போட்டான். ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்டவேண்டிய தொகை அன்றே, என்றென்றைக்குமாக, முடிவாகிவிட்டது. பேஷ்குஷ் என்று அதற்குப் பெயர். ஆனால் குடியானவன் ஜமீன்தாருக்குக் கட்டவேண்டியதற்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. சர்க்காருக்குப் போவது நின்ற இடத்திலேயே நிற்க, ஜமீன் கச்சேரிக்குப் போவது ஏறிக்கொண்டே போயிற்று. இடையில் நின்றது யார் பெட்டியில்? இராமநாதபுரம், சிவகங்கை, எட்டையபுரம் அரண்மனைகளின் படாடோபத்தைக் கண்டவர்களுக்கு விடை தெரியும். ஆந்திரப் பகுதியிலே விஜயநகரம், பொப்பிலி, வெங்கடகிரி என்று இன்னும் பெரிய அரண்மனைகள்.

1908-ல் வந்த எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்குச் சாகுபடி உரிமையைக் காப்பாற்றியது. வாரச் சுமையைப் போக்கவில்லை. 1938-ல் பிரகாசத்தின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, நிலத்துக்கு உரியவன் உழவனே, ஜமீன்தார் வரி தண்டும் ஆளே என்று கண்டது. மறு ஆண்டு அமைச்சரவை பதவி விலகியது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. அலமாரிக்குப் போன அறிக்கைகள் நம் நாட்டில் எத்தனையோ!

ஓமந்தூரார் இரண்டே அடியில் அதை முடித்தார். முதல் அடி 1947-ன் வாரக் குறைப்புச் சட்டம். பக்கத்து ரயத்துவாரிக் கிராமத்தில் ஒருவன் சர்க்காருக்கு என்ன தீர்வை கட்டுகிறானோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு ஜமீன் குடியின் வாரமும் இறங்கவேண்டும் என்றது அது. ஜமீன் நிலமும் ரயத்துவாரி நிலமும் வரப்பு ஒட்டிக் கிடக்க, இந்தப் பக்கத்தவன் ஒன்று கொடுக்க அந்தப் பக்கத்தவன் இரண்டு கொடுக்கும் கொடுமை எப்படிப்பட்டது என்பது கிராமத்தில் வாழ்ந்தவனுக்குப் புள்ளிவிவரம் இல்லாமலே புரியும். இரண்டாவது அடி, 1948-ன் 26-ஆவது சட்டம். ஜமீன் ஒழிப்பு! எஸ்டேட்டுகள் சர்க்கார் வசம் வரும். சாகுபடி செய்யும் குடிக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்கும். ஜமீன்தாருக்கு நஷ்டஈடு உண்டு. அந்நாளில் வருவாய்த்துறை அமைச்சர் காளா வெங்கடராவ்.

நஷ்டஈடு எதற்கு, இத்தனை ஆண்டு வாங்கியது போதாதா என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலம் அவரிடமே தங்கவும் சட்டம் வழிவிட்டது. ஆயினும் நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் நிலைத்த ஒரு ஏற்பாட்டை, இரண்டே ஆண்டு ஆட்சியில், சட்டம் போட்டு வேரோடு பெயர்த்தார் என்பதை மறைக்க முடியாது.

இனி சமுதாயத் துறை. 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம்: மாகாணத்துக் கோயில்களின் கதவு தாழ்த்தப்பட்டோருக்குச் சட்டப்படி திறந்தது. அதே ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே மசோதா கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக நடந்து பேசினார். பதினேழு ஆண்டுகள் கிடந்த அந்தக் காரியம் ஓமந்தூரார் காலத்தில் நிறைவேறிற்று. கோயிலுக்குப் போகும் பக்தர், திருநீறு அணிந்த மனிதர். அவரைக்கொண்டே இது நடந்தது!

அடுத்தது வகுப்புரிமை. 1928-ல் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டில் பன்னிரண்டு இடங்களுக்கு ஒரு சுற்று. பிராமணரல்லாத இந்துக்கள் எல்லாரும் ஒரே பங்கில் அடக்கம். அந்தப் பங்குக்குள்ளே முன்னேறியவன் முந்திக்கொள்வான், பின்தங்கியவன் பின்னாலேயே நிற்பான். 1947 நவம்பரில் அந்தச் சுற்றைப் பதினான்காக்கினார்கள். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு எனத் தனியாக 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பதினான்கில் இரண்டுதானே என்று அலட்சியமாகச் சொல்லலாம். குயவர் மகனும் நாவிதர் மகனும் வண்ணார் மகனும் தங்களுக்கென ஒரு வாசல் சர்க்கார் ஆணையில் எழுதப்பட்டதைக் கண்டது அப்போதுதான்.

மேல்தட்டிலே முணுமுணுப்பு எழுந்தது. காங்கிரஸ்காரர் போர்வையில் இவர் தாடி இல்லாத இராமசாமி என்று ஏளனம் செய்தார்கள். ஈரோட்டு இராமசாமிக்குத் தாடி உண்டு. ஓமந்தூர் இராமசாமிக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பாராட்டு என்று நினைத்து எவரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் வகுப்புரிமை பெற்றவர்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் அவர் நம் பாட்டாளிகளின் தோழரா? அவசரப்படவேண்டாம். 1948 மார்ச்சில் கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்தது அவருடைய ஆட்சி. அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். எதிர்த்து மறியல் செய்த தலைவர்களும் தொண்டர்களும் சிறை புகுந்தார்கள். பொது அமைதிச் சட்டத்தைக் காட்டிக் கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கத்தாரும் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். கூலி கேட்டவனும் குத்தகை குறைக்கக் கேட்டவனும் கம்பி எண்ணினான். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. பல குடும்பங்களின் அடுப்பில் அதனால் சோறு பொங்கியது உண்மை, மரம் ஏறிப் பிழைத்தவர்களின் அடுப்பு அணைந்ததும் உண்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜமீனை ஒழித்த சட்டம் தஞ்சைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நிலம் ரயத்துவாரி. பட்டா மிராசுதார் பேரில். உழுகிறவன் குத்தகைக்காரன், அல்லது பண்ணையாள். அவனுக்கு ஒரு சிறு பாதுகாப்பு வர 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. அதையும் அவனே செங்கொடி பிடித்துப் போராடித்தான் பெற்றான். ஓமந்தூராரும் பட்டா வைத்திருந்த நிலக்காரர்தாம். ஜமீன்தாரின் கொடுமை பட்டாதாரரின் கண்ணுக்குத் தெரிந்த அளவு, பட்டாதாரரின் கொடுமை தெரியவில்லை. குடியானவர் என்ற சொல்லுக்குள்ளே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதற்கு அவருடைய ஆட்சியே சான்று.

சரி, அவர் ஏன் வீழ்ந்தார்? இந்தித் திணிப்பாலா? அடக்குமுறையாலா? இல்லை! அவற்றுக்காக அவர் கட்சியில் யாரும் அவரைக் கைவிடவில்லை. சிபாரிசுக்குச் செவி சாய்க்கவில்லை என்பதே பெருங்குறை. விடுதலை வந்துவிட்டது, சிறை சென்றவர்கள் பலன் எதிர்பார்த்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் சீட்டு எழுதிக் கொடுத்தால் லைசென்சு, பெர்மிட்டு, கான்ட்ராக்டு, உத்தியோக மாற்றம் எல்லாம் நடக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். துணிக்கும் அரிசிக்கும் கண்ட்ரோல் இருந்த காலம் அது. ஒரு பெர்மிட்டின் விலை தோழர்களுக்குத் தெரியாததல்ல. அதிகாரிகள் வேலையில் உறுப்பினர்கள் தலையிடக்கூடாது என்று ஓமந்தூரார் நின்றார். கட்சிக் கமிட்டியின் விருப்பத்துக்கு அமைச்சரவை ஆடவேண்டும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. ஏற்றிவைத்த கைகளே விலகிக்கொண்டன. காமராசர் கோஷ்டியின் ஆதரவு போயிற்று. கோஷ்டி சேர்த்துப் பதில் கோஷ்டி கட்ட அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் செய்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. 1949 ஏப்ரல் 6-ஆம் நாள் குமாரசாமி ராஜா அந்த நாற்காலிக்கு வந்தார்.

போவதற்கு முந்திய மாதத்திலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. பாரதியாரின் பாடல்களின் உரிமை தனியார் கையில் கிடந்தது. இசைத்தட்டிலும் சினிமாவிலும் பாட ஒரு முதலாளியின் அனுமதி வேண்டும்! 1949 மார்ச்சில், பாரதியின் நூல்களை நாட்டுக்குச் சொந்தமாக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது அவருடைய அமைச்சரவை. இசை, சினிமா உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியாரும் விட்டுக்கொடுத்தார்.

ஜமீன் ஒழிப்புச் சட்டமோ அவர் கையால் நடைமுறைக்கு வரவில்லை. கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் பெற்று அது அமலுக்கு வந்தது 1949 ஏப்ரல் 19-ஆம் நாள். அவர் கோட்டையை விட்டு இறங்கிப் பதின்மூன்று நாள் கழித்து.

ஜமீன்தார்கள் சும்மா இருப்பார்களா? நாடெங்கும் கோர்ட்டு ஏறினார்கள். வகுப்புரிமை ஆணையையும் கோர்ட்டுக்கு இழுத்தார்கள்; 1950-ல் சென்னை உயர்நீதிமன்றமும் 1951-ல் உச்சநீதிமன்றமும் அது செல்லாது என்றன. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1951-ல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தில் பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற விதி ஒன்று. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் கோர்ட்டு தொடாமல் காக்கும் ஒன்பதாம் அட்டவணை மற்றொன்று. முன்னது பிறக்கக் காரணம் ஓமந்தூரார் காலத்துப் பதினான்கு இடச் சுற்று. பின்னதில் ஏறிய பதின்மூன்று சட்டங்களில் ஒன்று அவருடைய ஜமீன் ஒழிப்புச் சட்டம். திண்டிவனத்துக் குடியானவரின் இரண்டாண்டு வேலையைக் காப்பாற்ற டில்லி பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது!

அப்போது அவர் எங்கே? வடலூரில். வள்ளலார் அணையா அடுப்பு ஏற்றிய ஊரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை அமைத்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் படிப்பும் கொடுக்கும் வேலையில் இறங்கிவிட்டார். 1950களில் செட்டில்மெண்டு அதிகாரிகள் ஜமீன் கிராமங்களில் சங்கிலி பிடித்து அளந்து, சாகுபடியாளர் பேரில் பட்டா எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அதற்கு வழி செய்தவர் வடலூர்ப் பிள்ளைகளோடு இருந்தார். 1970 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மறைந்தார். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டத்துக்குப் பிற்பாடு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2010-ல் புதிய சட்டமன்றக் கட்டிடம் அங்கேதான் திறக்கப்பட்டது. 2014 முதல் அந்தக் கட்டிடத்தில் சர்க்கார் பன்னோக்கு மருத்துவமனை நடக்கிறது.