சி. வி. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 – நவம்பர் 21, 1970) புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அதற்கு முன்னர் இவர் பெரிதும் ஈடுபட்டிருந்த துறை ஒலியியல் ஆகும்.

வாழ்க்கை

இவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். இசையொலி பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல் இளமையிலேயே இவரை ஈர்த்தது. 1907 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று, அவ்வாண்டே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில், அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917 இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

மிருதங்க ஆய்வு

சீரான தோலைத் தட்டும்போது எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்குகளாக அமைகின்றன. அவை முழு எண் மடங்குகளாக இல்லாததால் தெளிவான சுருதி தோன்றுவதில்லை. ஆனால் மிருதங்கத்திலும் தபேலாவிலும் சுருதி தெளிவாகக் கேட்கிறது. இதன் காரணத்தை இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920 இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். 1934 இல் மேலும் விரிவாக எழுதினார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் சேரும். இவ்வுருவங்களைக் கொண்டு அதிர்வு வகைகளை இனங்கண்டார். வலந்தலையின் நடுவில் உள்ள கருஞ்சாந்தின் நிறை, ஒன்பது அதிர்வு வகைகளை முதல் ஐந்து இசைமங்களுக்குள் அடக்குகிறது என்பது இவர் கண்ட முடிவாகும்.

வயலின் நரம்பின் அதிர்வையும் இவர் ஆராய்ந்தார். 1921 இல் இங்கிலாந்து சென்றபோது இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் முணுமுணுக்கும் மாடத்தை ஆராய்ந்தார். திரும்பும் வழியில் கண்ட மத்தியதரைக் கடலின் நீலநிறம் இவரை ஒளிச்சிதறல் ஆய்வுக்கு இட்டுச்சென்றது.

ஒலிப்பெருக்கியுடன் ஒப்பீடு

மிருதங்கத்தின் இடந்தலையில் ரவைப் பசை அப்பினால் நிறை கூடி ஒலி தாழ்கிறது. சப்வூஃபரின் கூம்பு கனமாக அமைக்கப்படுவதும் இதே விதியைப் பின்பற்றியே ஆகும். மிருதங்கத்தின் இரு தோல்களும் கட்டைக்குள் அடைபட்ட காற்றினால் ஒன்றையொன்று பாதிக்கின்றன. அதுபோலவே ஒரே பெட்டியில் பொருத்தப்படும் இரு சப்வூஃபர்களும் உட்காற்றின் அழுத்தத்தால் பிணைக்கப்படுகின்றன. ஆகவே ஒரே வகையான இரண்டிற்குப் பெட்டியின் கன அளவை இருமடங்காக்குவர்; அல்லது இடையே பலகையிட்டுத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பர்.

இறுதிக் காலம்

1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1948 இல் அந்நகரில் இராமன் ஆய்வுக் கழகத்தை நிறுவினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 இல் பெங்களூரில் காலமானார்.