போர் ஓய்ந்தபின் வந்த பூட்டு

1918 நவம்பர் 11-ஆம் நாள் ஐரோப்பியப் பெரும்போர் ஓய்ந்தது. ஒன்பது நாள் கழித்து, புதுவை எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் காலடி வைத்த பாரதியார், போர்க்காலச் சட்டத்தின் பெயரால் கைது செய்யப்பட்டார். பீரங்கிகள் அடங்கிய பின்னும் அரசின் அச்சம் அடங்கவில்லை.

அந்த அச்சத்துக்கு வயது பத்து. 1904-இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராய் நுழைந்து, 1906-இல் 'இந்தியா' வார இதழின் உயிர்நாடியானவர் பாரதியார். 1908-இல் அரசு வழக்குத் தொடுத்தபோது, ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார். இதைக் குறை கூறுவோர் இன்றும் உளர். ஆனால் அவர் அங்கே காத்தது தம் உடலை மட்டுமன்று. நின்றுபோன இதழை அவ்வாண்டே மீண்டும் எழுப்பினார். அச்சகத்தைத் தொட முடியாத ஆங்கில அரசு, இதழ் தமிழகத்துக்குள் நுழையும் வழியை அடைத்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது.

1914-இல் போர் மூண்டதும் நிலைமை மேலும் இறுகியது. செப்டம்பர் 22-ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. நகர மக்கள் மூட்டை முடிச்சுடன் வெளியேறினர். 1915-இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிரான்சு இப்போது ஆங்கிலேயரின் தோழமை நாடு; புதுவையின் நிழலும் சுருங்கியது. படை நகரும் பாதையையும் கப்பல் செல்லும் திசையையும் போர்க்காலத்தில் அரசு மறைப்பது முறையே. கண்ணனைப் பாடியவன் ஏட்டில் எந்தப் படை இரகசியம் ஒளிந்திருந்தது?

கடலூர்ச் சிறையில் ஏறக்குறைய 25 நாள் கழிந்தன. அன்னி பெசன்ட், சி.பி. இராமசாமி ஐயர், ரங்கசாமி ஐயங்கார் முதலியோர் முயன்றனர். பெசன்ட் அம்மையார் தாமே 1917-இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். டிசம்பர் 14-ஆம் நாள் விடுதலை கிடைத்தது, நிபந்தனைகளோடு. குறித்த பகுதிக்குள் வசிக்க வேண்டும், அரசியலில் தலையிடலாகாது, எழுதுவதை அச்சேறுமுன் இரகசியப் போலீசுத் துறையின் உயரதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். திருப்பத்தூர்க் கவியரங்கில் ஒருமுறையேனும் பாடல் படித்தவர்க்கு இந்த மூன்றாம் நிபந்தனையின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. எதுகை மோனை அறிந்த புலவரிடம் காட்டவே கை கூசும் இளங்கவிதையைக் காக்கிச் சட்டையின் மேசையில் வைப்பது எங்ஙனம்? சிறைக் கம்பியைவிட இது கொடிது. கம்பி வெளியே நிற்கும். இதுவோ எழுதுகோலுக்கும் தாளுக்கும் இடையே நிற்கும்.

மனைவியின் ஊராகிய கடையத்தில் வறுமையோடு நாள்கள் நகர்ந்தன. 1920-இல் தம் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக வெளியிடத் திட்டமிட்டுப் பொருளுதவி வேண்டி அறிக்கை விடுத்தார். கை கொடுப்பார் இல்லை. அவ்வாண்டே கட்டுப்பாடுகள் நீங்கின. சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரனில் மீண்டும் அமர்ந்தார். ஓராண்டு நிறையவில்லை, 1921 செப்டம்பரில், 39 வயது முடியுமுன், திருவல்லிக்கேணியில் காலமானார்.

ஏழாண்டு கழித்து, 1928-இல், அவர் பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தது. அப்போது போரும் இல்லை, பாடியவரும் இல்லை. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து வாதாடினார்.