குற்றாலம் போயும் குளிக்காமல் திரும்பிய காந்தி... என்ன காரணம்?

குற்றாலம் போயிட்டு யாராவது குளிக்காம வருவாங்களா? 1934-ல் காந்தி அப்படித்தான் திரும்பினார். இத்தனைக்கும், தண்ணீரால் நோய் தீரும் என்று நம்பியவர் அவர்.

தண்ணீர் வைத்தியம் அறிமுகமானது எப்படி?

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கனிம நீரூற்றுக் குளியல் பெரிய மோகம். வசதியானவர்கள் கார்ல்ஸ்பாட், பேடன்-பேடன் போன்ற ஊர்களுக்குப் போய்த் தங்கிக் குளிப்பார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வைத்தியம் பார்த்த லூயி கூனேவின் வழி வேறு. ஊற்று தேடிப் போக வேண்டாம். ஒரு தொட்டியும் சாதாரணத் தண்ணீரும் போதும். அதுதான் இடுப்புக் குளியல். தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தி, அதை முதலில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்.

மகனுக்கு வந்த காய்ச்சல்

1902, பம்பாய். 10 வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூடவே நிமோனியா. முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். சைவரான காந்தி மறுத்தார். மூன்று நிமிட இடுப்புக் குளியலும், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறும்தான் வைத்தியம். ஆனாலும் காய்ச்சல் 104 டிகிரி. ஒரு ராத்திரி, பிழிந்த ஈரத்துணியை மகன் உடம்பில் சுற்றி, மேலே போர்வை போர்த்திவிட்டு, தவிப்போடு சௌபாத்தி கடற்கரைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது.

பிழைக்க வைத்தது தண்ணீரா, கடவுளா, கவனிப்பா என்பதைப் பின்னாளில் காந்தியாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று ஆன்டிபயாட்டிக் இல்லை. இன்று டைபாய்டுக்கு அதுதான் மருந்து. இதை யாரும் வீட்டில் முயற்சிக்கக் கூடாது. காந்தியே 1924-ல் குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான்.

குற்றாலத்தில் என்ன நடந்தது?

மூலிகைக் காட்டைத் தொட்டு வருவதால் நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பும் அருவி அது. தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் அங்கே வந்த காந்திக்கு, தாழ்த்தப்பட்ட மக்கள் அருவிக்குப் போக முடியாது என்று தெரியவந்தது. அவங்க குளிக்க முடியாத தண்ணீரில் தானும் குளிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

கடைசி முயற்சி

புனே நகரில் இயற்கை மருத்துவமனை நடத்தும் எண்ணம் அவருக்கு இருந்தது. ஆனால் ஏழைகள் இருப்பது கிராமத்தில்தானே? 1946-ல் பக்கத்திலுள்ள உருளி காஞ்சன் கிராமத்துக்குப் போய், தானே நோயாளிகளைப் பார்த்தார். அவர் தொடங்கிய ஆசிரமம் இன்றும் அங்கே இயங்குகிறது.