பிள்ளைகள் உணரும்படி அன்பு செய்வோம்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 31ம் நாள் புனித ஜான் போஸ்கோவின் திருவிழாவைச் சிறப்பிக்கிறோம். பிள்ளைகளின் மனம் நோகாமல் அவர்களை ஆளாக்குவது எப்படி என்பதை இப்புனிதரின் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

வட இத்தாலியின் பெக்கி என்ற சிற்றூரில் 1815ம் ஆண்டு ஆகஸ்ட் 16ம் நாள் ஏழை விவசாயக் குடும்பத்தில் இவர் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்தார். இவர் படிப்பதை, தந்தையின் முதல் தாரத்து மகனான அண்ணன் அந்தோனியோ எதிர்த்தார். வீட்டில் அமைதி வேண்டி, தாய் மார்கரீத்தா இந்தச் சிறு மகனைப் பண்ணை வேலைக்கு வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

சிறுவயதில் வழியில் குருக்களைக் கண்டால் இவர் ஆசையோடு வணக்கம் சொல்வார். அவர்கள் பதில் வணக்கம் சொல்வார்கள். ஆனால் நின்று பேசமாட்டார்கள். அது அவர் மனதை வாட்டியது. தான் குருவானால் பிள்ளைகளைத் தேடிச்சென்று பேசவேண்டும் என்று அன்றே முடிவுசெய்தார்.

1841ம் ஆண்டு ஜூன் 5ம் நாள் குருவானார். அதே ஆண்டு டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, தூரின் நகரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் சக்ரீஸ்து அறையில் திருப்பலிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அங்கு வந்த பர்த்தலோமேயு கரெல்லி என்ற இளைஞனுக்குப் பூசைக்கு உதவிசெய்யத் தெரியவில்லை என்பதற்காகக் கோவில்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவரைக் கண்டித்து, அவன் தம் நண்பன் என்று சொல்லி, திரும்ப அழைத்துவரச் செய்தார்.

அவன் பெற்றோரை இழந்தவன், கொத்து வேலை செய்பவன். எழுதப் படிக்கத் தெரியாது, பாடவும் தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா என்று தொன் போஸ்கோ கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. தெரியாதவற்றையே சொல்லிக் கூசி நின்றவனிடம், அவனுக்குத் தெரிந்த ஒன்றை அவர் தேடிக் கண்டுபிடித்தார். அருள்நிறை மரியே செபத்தோடு மறைக்கல்வி தொடங்கியது. அதுவே அவரது பெரும் பணியின் தொடக்கம்.

1846ல் வால்தோக்கோ பகுதியில் அவர் பணிக்கு நிலையான இடம் கிடைத்தது. தாய் மார்கரீத்தாவும் அங்கு வந்து, 1856ல் இறக்கும்வரை, ஆதரவற்ற சிறுவர்களுக்குத் தாயானார். வேலைக்குச் செல்லும் சிறுவர்களுக்காக முதலாளிகளோடு தொன் போஸ்கோ எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்தார். தவறு செய்தால் சொல்லித் திருத்தவேண்டும், அடிக்கக்கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. 1877ல் தமது கல்விமுறையை விளக்கி எழுதியபோது, பிறர் முன்னிலையில் கண்டித்துப் பிள்ளைகளை அவமானப்படுத்துவதைத் தவிர்க்கச் சொன்னார்.

1884ம் ஆண்டு மே மாதம் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு ஒரு மடல் அனுப்பினார். அங்கு உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் விளையாட்டு நேரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்திருக்கும் வழக்கம் மறைந்துவந்தது. பிள்ளைகளை அன்புசெய்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்புசெய்யப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதே அம்மடலின் சாரம்.

1888ம் ஆண்டு சனவரி 31ம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1934ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906ல் தஞ்சாவூருக்கு வந்து, இந்தியாவில் தங்கள் பணியைத் தொடங்கினர்.

அன்பார்ந்தவர்களே, பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்காக இரவு பகலாக உழைக்கிறோம். அந்த உழைப்பு அன்புதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால், உறவினர் முன் திட்டினால், அந்த அன்பு பிள்ளையைச் சென்றடைவதில்லை. தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணமே அதன் மனதில் வேரூன்றும். இன்று மாலை பாடப்புத்தகத்தைப் பற்றிக் கேட்கும் முன், நம் பிள்ளையோடு சற்றுநேரம் விளையாடுவோம். அவனுக்கு, அவளுக்கு நன்றாக வருவது எது என்று கேட்டு, மனமாரப் பாராட்டுவோம்.

சிறு பிள்ளைகளை அரவணைத்து ஆசீர்வதித்த இயேசுவே, பிள்ளைகளின் மனதைக் காக்கும் வரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.