டார்வினின் உறங்கா இரவுகள்

பரிணாமக் கொள்கையை உலகுக்குத் தந்த சார்லஸ் டார்வினை அறியாதார் நம் கல்லூரியில் இரார். விலங்கியல் மாணவர் அவரை வகுப்பறையில் அறிவர். ஏனையோரும் அவர் பெயரையாவது கேட்டிருப்பர். பாடநூல்களில் அவர் நீண்ட வெண்தாடியுடனும் அமைதி தவழும் முகத்துடனும் காட்சி தருகிறார். கப்பலேறி உலகைச் சுற்றியவர். பல நூற்றாண்டு நம்பிக்கையை எதிர்த்து நூல் எழுதியவர். இத்தகையவர் அச்சம் என்பதையே அறிந்திருக்கமாட்டார் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் உண்மை வேறு. நெஞ்சு படபடக்க, உடல் நடுங்க, காரணம் தெரியாத திகிலை அனுபவித்தவர் அவர். ஆண்டுக்கணக்கில் நல்ல உறக்கம் காணாதவர். அவர் வாழ்வின் அந்தப் பகுதியையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையைப் போல் மருத்துவராக வேண்டும் என்று 1825-இல் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தரும் வழக்கம் வராத காலம் அது. இரண்டு அறுவைகளை அவர் பார்க்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. முடியும் வரை நிற்க இயலாமல் அவர் வெளியே ஓடிவிட்டார். அந்தக் காட்சி பல ஆண்டுகள் அவரை விடாமல் துரத்தியது. மருத்துவப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்று 1831-இல் பட்டத் தேர்வு எழுதி முடித்தார்.

அதே ஆண்டில் பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பு வந்தது. கப்பல் புறப்படத் தாமதமாகியது. பிளிமத் துறைமுகத்தில் இரண்டு மாதங்கள் காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 22. வீட்டையும் நண்பர்களையும் நெடுங்காலம் பிரியப் போகிறோம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. நெஞ்சு படபடத்தது; மார்பில் வலி கண்டது. தமக்கு இதயநோய் வந்துவிட்டது என்றே உறுதியாக நம்பினார். ஆயினும் மருத்துவரிடம் போகவில்லை. பயணத்துக்குத் தகுதியற்றவர் என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சமே காரணம். 1831 டிசம்பர் 27-இல் கப்பல் புறப்பட்டது. 1836 அக்டோபர் 2-இல் அவர் தாயகம் திரும்பினார். இதயநோய் என்று அஞ்சிய அந்த இளைஞர் இடையில் ஆண்டிஸ் மலைத்தொடரையே கடந்து வந்திருந்தார்!

திரும்பிய பின் லண்டனில் தங்கி, உயிரினங்கள் மாறுகின்றன என்ற தம் எண்ணங்களை 1837 முதல் குறிப்பேடுகளில் எழுதலானார். அந்த ஆண்டே மீண்டும் படபடப்புத் தொல்லை தந்தது. வேலையை நிறுத்தி ஓய்வெடுக்குமாறு மருத்துவர்கள் கூறினர். 1838-ஆம் ஆண்டுக் குறிப்பேடு ஒன்றில் அவர் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். உடல்நலம் சற்றுக் குன்றியிருந்த இரவில் விழித்தபோது பெரும் அச்சம் தம்மைப் பற்றிக்கொண்டதாம். அஞ்ச ஒன்றுமில்லை என்று அறிவு சொல்லிச் சிரித்ததாம். ஆனாலும் மனம், அஞ்சுவதற்கு ஏதேனும் ஒரு பொருள் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்ததாம்.

நண்பர்களே, இதில் ஓர் அரிய உண்மை அடங்கியுள்ளது. நாம் ஏதோ ஒன்றைக் கண்டு அஞ்சுவதாகவே நினைக்கிறோம். இங்கோ அச்சம் முதலில் வந்துவிட்டது. காரணம் பின்னரே தேடப்பட்டது. அச்சத்தில் நெஞ்சு துடிப்பதும் வியர்ப்பதும் தசைகள் நடுங்குவதும் வேகமாக ஓடும்போது ஏற்படும் விளைவுகள் அல்லவா என்றும் அதே குறிப்பேட்டில் அவர் வினவியுள்ளார். தம் துன்பத்தையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டவர் அவர்.

1839-இல் எம்மாவை மணந்தார். 1842-இல் லண்டனை விட்டு டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். 1844-இல் தம் கொள்கையை நீண்ட கட்டுரையாக எழுதி முடித்தார். தாம் திடீரென இறக்க நேரிட்டால் 400 பவுன் செலவிட்டு அதை வெளியிட ஏற்பாடு செய்யுமாறு மனைவிக்குக் கடிதம் எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது 35தான். மரணம் அருகிலேயே நிற்பதாக ஓர் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

வாந்தி, வயிற்றுக் கோளாறு, தலைச்சுற்றல், நடுக்கம், படபடப்பு எனத் தொல்லைகள் தொடர்ந்தன. 1849-இல் மால்வெர்ன் என்னும் ஊரில் குளிர்நீர்ச் சிகிச்சை பெற்றார். அந்த ஆண்டு முதல் 1855 வரை உடல்நலக் குறிப்பு ஒன்றை நாள்தோறும் எழுதிவந்தார். பகல் எப்படி, இரவு எப்படி என்று பதிவு செய்தார். 1851-இல் அருமை மகள் ஆனி பத்து வயதில் அதே மால்வெர்னில் இறந்தாள். அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் இறுதிவரை ஆறவில்லை. இரவுகளில் மணிக்கணக்காக விழித்துக் கிடப்பார். அல்லது படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருப்பார். விட்டுவிட விரும்பும் சிந்தனையும் அவரை விடாது. ஒருமுறை ஊர்க்கூட்டம் ஒன்றில் தாம் பேசியதைப் பாதிரியார் தவறாகப் புரிந்துகொண்டிருப்பாரோ என்று ஐயம் எழுந்தது. அன்றிரவே அவர் வீடு தேடிச் சென்று விளக்கிய பின்புதான் டார்வினால் உறங்கப் போக முடிந்தது.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன்? என் தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. தாய் வயல் கூலிக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். அது பகலில் பெருமையாக இருந்தது. இரவில் பாரமாக அழுத்தியது. முதலாண்டில், விடுதிக்கு வந்த சில மாதங்களில், பின்னிரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள விழிப்பு வரத் தொடங்கியது. கனவு ஏதுமில்லை. மூச்சு முட்டும், கை விறைக்கும், இதோ இறந்துவிடுவோம் என்று தோன்றும். பிறகு விடியும்வரை உறக்கம் வராது. ஊருக்குச் சென்றபோது காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது என்று பாட்டி திருநீறு போட்டு மந்திரிக்கச் செய்தார். அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவரோ இதயம் நன்றாக உள்ளது என்று கூறி மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். படிப்பை விட்டுவிட்டு ஊரோடு போய்விடலாமா என்றுகூட எண்ணிய நாட்கள் அவை. அப்போதுதான் நூலகத்தில் டார்வினின் வாழ்க்கையைப் படித்தேன். இவ்வளவு பெரிய மனிதருக்கும் இது இருந்ததா என்ற எண்ணமே எனக்கு முதல் மருந்தாயிற்று.

டார்வின் இத்துன்பத்தோடு எப்படி வாழ்ந்தார்? அவர் கைக்கொண்ட முதல் வழி ஒழுங்கு. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை எழுதுவார். பத்தரை முதல் நண்பகல் வரை மீண்டும் வேலை. பின்னர் வீட்டருகே மரங்களுக்கிடையே இருந்த மணல் பாதையில் நடப்பார். மாலையிலும் ஒரு மணி நேரம் வேலை. இரவு மனைவியுடன் இரண்டு ஆட்டம் பேக்கேமன் விளையாடுவார். எம்மா பியானோ வாசிப்பார். கதைப் புத்தகங்களைப் படித்துக் காட்டுவார். பத்தரை மணிக்குப் படுக்கை. இத்தனை சிறிய வேலை நேரத்தைக் கொண்டே 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இரண்டாவது வழி துணை. எம்மா அருகில் இல்லாதபோது தமக்குப் பதற்றம் வருவதை 1865-இல் மருத்துவருக்கு எழுதிய குறிப்பில் அவர் மறைக்கவில்லை. துணை தேடுவதை அவர் கோழைத்தனமாகக் கருதவில்லை.

1872-இல் வெளியான, உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் அவர் செய்த சோதனை ஒன்று உள்ளது. லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் நச்சுப் பாம்பின் கூண்டிலிருந்த தடித்த கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்தார். பாம்பு கொத்தினாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டார். பாம்பு கண்ணாடியில் மோதிய அக்கணமே அவர் பின்னால் துள்ளிவிட்டார்! மன உறுதியும் அறிவும் உடலின் பழைய அச்சத்தின் முன் பயனற்றுப் போயின. ஏன் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆபத்து என்று மூளை கருதியதும் பரிவு நரம்பு மண்டலம் விழிக்கிறது, அட்ரீனல் சுரப்பி அட்ரினலினைக் குருதியில் கலக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் ஓடுவதற்கு ஆயத்தமாகின்றன. 1838-இல் டார்வின் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. காட்டில் நம் முன்னோரைக் காத்த எச்சரிக்கை மணி, விடுதி அறையில் காரணமின்றி ஒலிக்கிறது. அவ்வளவுதான்.

1997-இல் அமெரிக்க மருத்துவர் இருவர், டார்வினுக்கு இருந்தது இன்று பேனிக் நோய் எனப்படும் பீதி நோயே என்று எழுதினர். தென் அமெரிக்காவில் பூச்சிக் கடியால் வந்த சாகஸ் நோய் என்போரும், பால் ஒவ்வாமை என்போரும் உண்டு. இறந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்க்க இயலாது. எனினும் நள்ளிரவுத் திகிலை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அவர் கையெழுத்தே சான்று.

மருத்துவர் எனக்குச் சொன்னவற்றையும் டார்வினிடம் கற்றவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். திகில் வந்தால் அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இது அட்ரினலின், சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும் என்று நினைவூட்டிக்கொண்டால் போதும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாகச் செய்ய வேண்டும். இருபது நிமிடம் போல் ஆகியும் உறக்கம் வராவிட்டால் டார்வினைப் போல் படுக்கையிலேயே போராடுவது நல்லதன்று. எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சலிப்பூட்டும் நூல் ஒன்றைப் புரட்டிவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்கலாம். மணியைப் பார்க்கக் கூடாது. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். டார்வினுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. அதிலுள்ள நிகோடின் இதயத்தை விரைவுபடுத்தும். தேர்வுக் காலத்தில் நாம் நள்ளிரவில் குடிக்கும் தேநீரும் உறக்கத்துக்குப் பகையே. மார்வலி புதிதாக வந்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொல்லை தொடர்ந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். பேசிக் குணப்படுத்தும் முறைகளும் மருந்துகளும் இன்று உள்ளன. டார்வினுக்கு இவை கிட்டவில்லை, நமக்குக் கிட்டியிருக்கின்றன. அறைத் தோழரை எழுப்பத் தயங்கவும் வேண்டாம். நான் எழுப்பினேன், அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றும் எனக்குச் சில இரவுகள் அப்படி வருவதுண்டு. ஆனால் மறுநாள் வகுப்புக்குப் போகிறேன்.

டார்வின் 1882 ஏப்ரல் 19-இல் மறைந்தார். முப்பத்தைந்து வயதிலேயே இறந்துவிடுவோமோ என்று கடிதம் எழுதிவைத்தவர் 73 வயது வரை வாழ்ந்தார். இறுதி நேரத்தில், தமக்கு மரணத்தைக் குறித்துச் சிறிதும் அச்சமில்லை என்று எம்மாவிடம் கூறினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அச்சமே இல்லாதவர் மட்டும்தான் பெரும்பணி ஆற்ற முடியும் என்றிருந்தால் உலகம் டார்வினை இழந்திருக்கும். இரவில் நடுங்கி விழித்தவர், காலையில் எட்டு மணிக்கு மேசைக்குச் சென்றார். நாமும் செல்வோம்.